கைக்குட்டையில் பொன்தூள்

தொண்டி மீன்காரர்கள் மலிகாவின் வாசலில் மட்டும் தராசைத் தரையில் வைக்க மாட்டார்கள். ஒரு கையால் தூக்கிப் பிடித்து, முள் நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படியும் அவள் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பாள், புளி உருண்டை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. மாவு மில்லுக்குப் போனால் அவளுடைய மிளகாய் உள்ளே விழுந்து தூளாக வெளியே வரும்வரை அந்த நெடியில் கண்ணீர் வழிய நின்றுகொண்டிருப்பாள். வீடு கட்டிய காலத்தில், அவளைக் கூப்பிட்டுக் காட்டாமல் கொத்தனார் ஒரு சிமெண்டு மூட்டையைக்கூடப் பிரித்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழக்கம் வைத்திருந்தாள். மகள் சஃபா கல்யாணமாகி ராமநாதபுரம் போனபோது விட்டுச்சென்ற சிவப்பு நெயில் பாலிஷ் சீசா ஒன்று அவள் அலமாரியில் இருந்தது. எண்ணெய் டின், மாடித் தண்ணீர்த் தொட்டி, பழைய பீரோ என்று யாராவது திறந்துவிடக்கூடும் என்று தோன்றுகிற எதிலும், மூடி சேருகிற இடத்தில் அதில் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். யார் திறந்தாலும் பொட்டு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறக்கும்போதே அவள் இப்படி இருந்தவள் இல்லை. சிரித்த முகத்தோடு இந்த வீட்டுக்கு வாழவந்த பெண்தான். மருதாணி நிறம் மங்குவதற்குள் புருஷன் ஹமீது சுல்தான் வளைகுடா நாட்டில் ஒரு அரபி வீட்டுக்குக் கார் ஓட்டப் போய்விட்டார். ஆண் துணை இல்லாத வீட்டில் ஒரு பெண் எல்லோரையும் நம்பிக்கொண்டிருந்தால் கடைசியில் வாசற்படிகூட மிஞ்சாது என்பதை அவள் பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுத்தான் இந்த வீட்டை எழுப்பினாள், மகளைக் கரையேற்றினாள்.

ஆனால் ஒரே ஒரு பேச்சை மட்டும் அவள் ஒருநாளும் எடை போட்டுப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை தோறும் போனில் பேசி முடிக்கும்போது அவர் சொல்லும் பேச்சு அது.

"ஊருக்கு வந்ததும் ஒரு கார் வாங்குறேன் மலிகா. நீ முன் சீட்டுல உட்காரு. பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனது போதும்."

இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த ஒரு பேச்சைத்தான் அவள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

போன மழைக்காலம் முடிந்ததும் ஹமீது சுல்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். சொன்னபடி காரும் வந்தது. பழைய மாருதி, வெள்ளை நிறம், கடல் காற்றில் கதவோரம் லேசாகத் துருவேறிய வண்டி. விற்றவருடைய ஆள்தான் அதை ராமநாதபுரத்திலிருந்து ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான். தெருவே கூடிவிட்டது. அரபி நாட்டு ரோட்டிலேயே பறந்தவருக்கு இந்த ரோடெல்லாம் எம்மாத்திரம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். மலிகா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, இடதுபக்க முன்கதவின் அருகே போய் நின்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய வண்டி, முதலில் கியர் ஆயில் மாற்ற வேண்டும், அதற்கப்புறம் போவோம் என்றார்.

மறுநாள் மெக்கானிக் மாரிச்செல்வம் வீட்டுக்கே வந்தார். மலிகா வழக்கம்போலப் பக்கத்திலேயே நின்றாள். அவர் வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டாள். ஆயில் சூடேறி இளகினால்தான் அடிக்கசடோடு இறங்கும் என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு அண்டையில் கல் கொடுத்து, வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்த்தபின் அடியில் படுத்தார். கியர் பெட்டியில் இரண்டு போல்ட் இருந்தன. பக்கவாட்டில் மேலே ஒன்று, அடியில் ஒன்று. அவர் மேலே இருந்ததை முதலில் கழற்றினார். கீழே இருப்பதைத் திறந்தால்தானே ஆயில் இறங்கும், மேலே இருப்பதை ஏன் கழற்றுகிறீர்கள் என்று மலிகா குனிந்து கேட்டாள்.

"மேல உள்ளது துருப்பிடிச்சுக் கழலாமப் போச்சுன்னு வைங்க அக்கா, அதைப் பார்க்காமக் கீழ தொறந்துட்டா பழசு பூராம் போயிரும், புதுசு ஊத்த வழி இருக்காது. வண்டி நடுத்தெருவுல நிக்கும். காலி பண்ணுறதுக்கு முந்தி, ரொப்ப வழி இருக்கான்னு பார்த்துக்கிடணும்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. தன்னைப் போலவே யோசிக்கிற ஆள் என்று தோன்றியது. இருந்தாலும், இறங்கிய பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றிவிடக் கூடாதே என்று தன் கேனிலேயே அதைப் பிடித்துக்கொண்டாள். கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. விரலால் தொட்டும் பார்த்தாள். தேன் நிறத்தில் புது ஆயில் உள்ளே போய், மேல் துளையின் விளிம்பில் வழிந்ததும் மாரிச்செல்வம் நிறுத்தினார். எஞ்சினுக்கு அளவு பார்க்கக் குச்சி உண்டு, இந்த வண்டியின் கியர் பெட்டிக்கு நம் விரல்தான் குச்சி, விளிம்பில் வைத்தால் விரல் நுனி நனைய வேண்டும் என்று சொல்லி போல்ட்டை முறுக்கினார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். ஒழுகல் எதுவும் இல்லை, இனி இரண்டு மூன்று வருஷத்துக்கு இதைத் தொடவே வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வார்த்தைதான் மலிகாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது.

ஏனென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சோறு தின்றதும் ஹமீது சுல்தான் சாவியை எடுத்தார். மலிகாவும் எழுந்தாள். கியர் இன்னும் சரியாக விழவில்லை, ஆயில் அளவு பார்க்க வேண்டும், நம் தெரு சரிவு, சமமான தரையில் நிறுத்தித்தான் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே போனார். பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கேயோ முகம் கழுவியிருந்தார். டீ கேட்ட குரலில் சுரத்தே இல்லை.

அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

சமமான ஒரு தரையைத் தேடி ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போவார்? கடற்கரைப் பக்கம் போனால் கூப்பிடு தூரத்தில் பந்து விளையாடும் பொட்டல் இருக்கிறது. அவர் குளிக்கும் நேரம் பார்த்து மலிகா காருக்குள் எட்டிப் பார்த்தாள். ஓடிய தூரம் காட்டும் எண்கள், ஆயில் மாற்றிய அன்று அவள் பார்த்துவைத்ததைவிட, அத்தனை தூரத்தில் இருக்கும் தேவிபட்டினம் வரை போய்வந்த கணக்கில் ஏறியிருந்தன. 

அன்று துணி துவைக்கும்போதுதான் அந்தக் கைக்குட்டை கைக்கு வந்தது. ஒரு மூலையில் கறை. சோப்புப் போட்டுக் கசக்கினாள். கறை மங்கியது, ஆனால் வெயிலில் விரித்தபோது கறை இருந்த இடம் மினுமினுத்தது. பொடிப்பொடியாகத் தங்கம். கல்யாண வீட்டில் இளவட்டப் பெண்கள் கன்னத்தில் பூசிக்கொண்டு வருவார்களே, அதே மினுமினுப்பு.

கைக்குட்டையை எடுத்துக்கொண்டு புருஷனிடம் போனாள்.

கேட்டாள். நேராகக் கேட்காமல், இது என்ன கறை என்று மட்டும் கேட்டாள். ஆயில் பார்த்துவிட்டு விரலைத் துடைத்தேன் என்றார் அவர். ஒரு நொடி தாமதித்துத்தான் சொன்னார். அந்த ஒரு நொடியை மலிகா நூறு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய ஆயிலை அவளே தொட்டிருக்கிறாள், புது ஆயில் தேன் மாதிரி இறங்கியதையும் பார்த்திருக்கிறாள். எதில் இருந்தது தங்கம்?

இப்போது எல்லாம் துலங்கிவிட்டது போலிருந்தது. முன் சீட்டில் தன்னை ஏன் இன்றுவரை உட்காரவைக்கவில்லை? அந்த இடம் காலியாக இல்லை. கன்னத்தில் பொன்தூள் பூசிய ஒருத்தி அங்கே உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடற்காற்றை வாங்கிக்கொண்டு போகிறாள். அரபி நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த நாட்களிலேயே தொடங்கியதோ, போன வருஷமோ, யார் கண்டது? தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்த்தவள், கட்டிய புருஷனைத் தடவிப் பார்க்காமல் போனோமே என்று கிணற்றடியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

அழுது முடித்ததும் எழுந்து நெயில் பாலிஷை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், சாக்கை விரித்து அந்த வயதில் காருக்கு அடியில் படுத்தாள். மேல் போல்ட், பெட்டியோடு சேருமிடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். சாயங்காலம் அவர் வழக்கம்போல வியர்த்து வந்து இறங்கினார்.

"ஆயில் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சரியாத்தான் இருக்கு."

அவர் பள்ளிவாசலுக்குப் போனதும் மறுபடி சாக்கை விரித்தாள். பொட்டு வைத்தது வைத்தபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றே தேவிபட்டினத்தில் இருக்கும் அண்ணன் ஜெய்னுலாபுதீனுக்குப் போன் போட்டாள். பள்ளிவாசல் ஜமாத்தில் நாலு பேர் மதிக்கிற ஆள். தங்கை கண் கலங்கினால் யாரையும் சட்டையைப் பிடித்துக் கேட்கிற ஆள். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரச் சொன்னாள். என்ன விஷயம் என்று அவர் துருவியபோது, நேரில் சொல்கிறேன், திரும்பும்போது உங்களோடு நானும் வந்தாலும் வருவேன் என்றாள். மாரிச்செல்வத்தையும் அதே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டாள். அண்ணன் கண்முன்னே ஆயிலை இறக்க வேண்டும். இதில் எங்கே தங்கம் என்று கேட்க வேண்டும். கைக்குட்டையைத் தூக்கிப் புருஷன் முகத்தில் எறிய வேண்டும். அப்புறம் வாசலைத் தாண்டிவிட வேண்டியதுதான். துணி எடுத்துவைத்த பை கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் மச்சினனையும் மெக்கானிக்கையும் சேர்த்துப் பார்த்ததும் ஹமீது சுல்தானின் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பை மலிகா பார்த்துக்கொண்டாள். இப்போ எதுக்கு இதெல்லாம், இன்னொரு நாள் பார்க்கலாமே என்று அவர் முனகினார். அவள் சாவியை எடுத்து மாரிச்செல்வத்திடம் நீட்டினாள். கைக்குட்டை அவள் இடுப்பில் சொருகியிருந்தது.

மாரிச்செல்வம் ஒரு சுற்றுப் போய்வந்தார். ரெண்டாவது கியர் மட்டும் கொஞ்சம் கரகரக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் விழுகிறது என்றார். வண்டியைத் தூக்கினார், கல் கொடுத்தார், அடியில் படுத்தார். மேல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தவர் ஒரு கணம் நின்று, இங்கன எதுக்குச் சிவப்பு பெயிண்ட் என்று கேட்டார். மலிகா ஆயில் பிடிக்கும் ட்ரேயை அவர் பக்கம் தள்ளினாள். திருகினார். பொட்டு வெடித்து உதிர்ந்தது.

அந்த நேரத்தில், ஏனென்று தெரியவில்லை, மலிகாவுக்கு மாரிச்செல்வம் முன்பு சொன்னது காதில் கேட்டது. காலி பண்ணுறதுக்கு முந்தி, ரொப்ப வழி இருக்கான்னு பார்த்துக்கிடணும். கட்டிலுக்கடியில் இருக்கும் பை நினைவுக்கு வந்தது. இந்த வீட்டைவிட்டு இறங்கிப்போனால் அப்புறம் எதைக்கொண்டு இதை நிரப்புவாள்?  ஆனால் கீழ் போல்ட்டும் அதற்குள் கழன்றுவிட்டது.

ஆயில் ட்ரேயில் விழுந்தது. மாரிச்செல்வம் ட்ரேயை வெயிலுக்கு இழுத்தார்.

தங்கம்.

தேன் நிறம் கறுத்திருந்த ஆயில் முழுக்கப் பொன்தூள் சுழித்துச் சுழித்து மின்னியது. கல்யாண வீட்டுக் கன்னத்தில் மின்னியதாக அவள் நினைத்த அதே தூள். மலிகா தன்னையறியாமல் இடுப்பில் இருந்த கைக்குட்டையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இதென்ன தம்பி, தங்கமாட்டம் மின்னுது?" என்றார் ஜெய்னுலாபுதீன், குனிந்து.

மாரிச்செல்வம் கீழ் போல்ட்டைக் காட்டினார். அதன் நுனியில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிற இரும்புத்தூள் சேறு போல ஒட்டியிருந்தது. இரும்பென்றால் காந்தம் பிடித்துக்கொள்ளும், மின்னுவது பித்தளை, அதனால்தான் ஆயிலில் மிதக்கிறது என்றார். கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் உண்டு, ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இழைந்து கொடுப்பவை அவைதான். அவர் எழுந்து துணியில் கையைத் துடைத்தார்.

"கிளட்ச்ச முழுசா மிதிக்காம கியரைப் புடிச்சுத் தள்ளுனா அது தேயும். இம்புட்டுத் தேஞ்சிருக்குன்னா, தெனமும் மல்லுக்கட்டியிருக்கணும். யாருக்கா இந்த வண்டிய ஓட்டுறது? புதுசா யாரும் பழகுறாகளா?"

மலிகா புருஷனைப் பார்த்தாள்.

ஹமீது சுல்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய இடது கால் பெருவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்ததும் மலிகாவுக்கு எப்போதோ போனில் கேட்ட பெருமை நினைவுக்கு வந்தது. இங்க வண்டியெல்லாம் தானா கியர் மாத்திக்கிடும் மலிகா, இடது காலுக்கு வேலையே இல்ல. இருபது வருஷத்துக்கும் மேலாக வேலை இல்லாமல் இருந்த கால். ராமநாதபுரத்திலிருந்து வண்டியை அவர் ஓட்டிவராதது ஏன், தெரு புகழ்ந்தபோது தலை நிமிராதது ஏன், வியர்வை எதற்கு, ஆள் பார்க்காத ரோடு தேடி அத்தனை தூரம் போனது எதற்கு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பொன்தூளைக் கண்டு பயந்து, மெக்கானிக்கிடம் காட்டினால் யார் ஓட்டுவது என்று கேட்பாரே என்று மறுபடி அந்தப் போல்ட்டையே தொடாமல் இருந்திருக்கிறார் இந்த மனிதர்.

ஜெய்னுலாபுதீனின் பார்வை மெல்ல மச்சான் பக்கம் திரும்பியது. ஊரெல்லாம் டிரைவர் என்று பேர் வாங்கிய மச்சான். அண்ணன் உதடு பிரிவதற்குள் மலிகா முந்திக்கொண்டாள்.

"நான்தான் காக்கா," என்றாள் அண்ணனிடம்.

"நீயா?"

"ஏன், நான் ஓட்டக் கூடாதா? வெள்ளிக்கிழமையில இவுக சொல்லிக் குடுக்குறாக. தெருவுக்குத் தெரிஞ்சா சிரிப்பாகன்னு நான்தான் மறைக்கச் சொன்னேன்."

ஹமீது சுல்தான் நிமிர்ந்து பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன. நல்ல வேளையாக அண்ணனின் கண் தங்கைமேல் இருந்தது. ஜமாத்து மனிதர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதைக் காட்டத்தான் என்னைய வேலை மெனக்கெட்டு வரச் சொன்னியாக்கும்? கூட வாரேன்னும் சொன்ன. சரி, ஓட்டு பார்ப்போம். முன் சீட்டுல நான் உட்காருறேன்."

 ஸ்டீயரிங்கை இன்றுவரை அவள் தொட்டதுகூட இல்லை. ஆனால் இந்த வீட்டில் இத்தனை வாரம் புழங்கிய சாக்கு ஒன்று கையோடு இருந்தது.

"கியர் ஆயில் சரியாகட்டும் காக்கா. அப்புறம் போவோம்."

புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று மலிகாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

புது ஆயில் ஊற்றி, விளிம்பில் வழிந்ததும் மாரிச்செல்வம் விரல் வைத்துப் பார்த்துப் போல்ட்டை முறுக்கினார். இனி மெதுவாகப் பழகுங்கள், வளையம் இன்னும் தாங்கும் என்று மலிகாவுக்குத் தனியாகப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். அவளும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அண்ணன் மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டு, அடுத்த தடவை வரும்போது ஓட்டிக்காட்ட வேண்டும் என்று மிரட்டிவிட்டுத் தேவிபட்டினம் பஸ் ஏறினார். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் மலிகா உள்ளே போய்ப் பையைப் பிரித்து, துணிகளைப் பழையபடி பீரோவில் அடுக்கினாள்.

வெயில் சாய்ந்த நேரம், தெரு ஆட்கள் இல்லாத பொழுது பார்த்து இருவரும் கிளம்பினார்கள். அவள் இடதுபக்க முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டு லேசாகக் கிழிந்து, பஞ்சு வெளியே தெரிந்தது. விரலால் அதை உள்ளே தள்ளினாள். சீட்டில் படிந்திருந்த தூசியைப் பார்த்தாலே தெரிந்தது, அங்கே யாரும் உட்கார்ந்ததே இல்லை.

ஊர் தாண்டியதும், வேலிக்கருவை மட்டும் இருக்கிற நேர்ரோட்டில் அவர் வாயைத் திறந்தார். முதல் வெள்ளிக்கிழமையே அவளை ஏற்றிக்கொண்டு போகத்தான் நினைத்தாராம். சாவியைக் கையில் எடுத்ததும் இடது காலில் நடுக்கம் வந்துவிட்டதாம்.

"அவ்வளவு வருஷம் முன் சீட்டு முன் சீட்டுன்னு சொன்னேன். உன்னைய உட்கார வச்சுட்டு வண்டி நடுரோட்டுல கத்திக்கிட்டு நின்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிடுறது?"

மலிகா கைக்குட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள். அதைப் பார்த்து அவள் என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் ஒரு பொட்டுப் பொன்தூள் ஒட்டியது.

"உங்க காக்கா மறுபடி வருவாரே, என்ன செய்யப் போற?"

"அதுக்குள்ள நீங்க பழகுங்க. பழகிட்டு எனக்குச் சொல்லிக் குடுங்க. இப்போ ரோட்டைப் பாருங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். அவள் அவருடைய இடது காலைப் பார்த்தாள். மீன் தராசின் முள்ளைப் பார்ப்பது போலக் கண்கொட்டாமல் பார்த்தாள். கால் இறங்கியது. அவர் கை கியர் கம்பியை இழுத்தது. ஒரு சத்தமும் இல்லாமல் ரெண்டாவது கியர் விழுந்தது.

மலிகா காதைச் சாய்த்துக் கேட்டாள். நம்பிக்கை வரவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள். "கால் முழுசா இறங்கின மாதிரி எனக்குத் தெரியல."